டூப் கையில் மைக்

ஊரறிந்த ஹீரோ ஒருவர். திரையில் அவர் குதிரையோடு பாய்வார், விழுவார், எழுவார். உண்மையில் விழுந்து எழுவதெல்லாம் அச்சு அசலாக அவர் மாதிரியே இருக்கும் ஒரு டூப். ஹீரோவுக்குச் சூதாட்டக் கடன். கடன் கொடுத்தவனோ ரௌடி. டெக்சாஸில் நடக்கும் பெரிய பொருட்காட்சிக்கு இவரை அனுப்பி வைப்பதாக ஸ்டூடியோ ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. நேரம் வரும்போது ஆளைக் காணோம். ஸ்டூடியோவின் விளம்பர ஆள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டு, வேறு வழியில்லாமல் டூப்புக்கே ஹீரோவின் சட்டையை மாட்டி அனுப்புகிறார். போனவர் கையாட்டிவிட்டு வந்திருக்கலாம். பாடிவிடுகிறார். பாட்டு ரேடியோவில் போகிறது, ஜனங்களுக்குப் பிடித்துப்போகிறது. அசல் ஹீரோவுக்கோ ஒரு வரிகூடப் பாட வராது. இனி என்ன செய்வது?

1936 நவம்பரில் ரிபப்ளிக் பிக்சர்ஸ் வெளியிட்ட ‘தி பிக் ஷோ’ படத்தின் கதை இதுதான். ஹீரோ டாம் ஃபோர்டாகவும் டூப்பாகவும் இரட்டை வேடத்தில் ஜீன் ஆட்ரி. டூப் பாத்திரத்தின் பெயரும் ஜீன் ஆட்ரியேதான். அந்தக் காலத்துப் ‘பாடும் கௌபாய்’ படங்களில் இது ஒரு வழக்கம். எம்.ஜி.ஆர். படத்தில் எம்.ஜி.ஆருக்கு எம்.ஜி.ஆர். என்றே பெயர் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ரேடியோவில் கேட்ட ஆள்தான் திரையில் வருகிறார் என்பது டிக்கெட் எடுப்பவருக்கு உடனே புரிய வேண்டும் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தூக்கம் வராத நேரத்தில், இதை முதன்முதலாகப் பார்த்தேன். சிரிப்புக் காட்சிகள் சிரிப்பு மூட்டவில்லை. சண்டைகள் பள்ளிக்கூடப் பையன்கள் கட்டிப் புரள்வது போல இருந்தன. ஆனாலும் முழுசாகப் பார்த்தேன். ஒரு தொழில் தன்னையே கண்ணாடியில் பார்த்துக்கொள்வது போன்ற ஏதோ ஒன்று அந்தக் கதையில் இருந்தது. பிறகு அதன் பின்கதையைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, ஆட்ரி ஹீரோவான கதையே கிட்டத்தட்ட இதுதான் என்று.

அந்தக் கதையின் டாம் ஃபோர்ட், கென் மேனார்ட். மேனார்ட் சர்க்கஸிலும், முரட்டுக் குதிரை அடக்கும் ரோடியோ மைதானங்களிலும் வித்தை காட்டிய அசல் குதிரைக்காரர். ஓடும் குதிரையின் வயிற்றுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் ஏறக்கூடியவர். மௌனப் படக் காலத்திலேயே பெரிய நட்சத்திரம். பேசும் படம் வந்ததும் கௌபாய் படத்தில் பாட்டு வைத்துப் பார்த்தவர்களில் முந்திக்கொண்டவரும் அவர்தான். 1930ல் வந்த ‘சன்ஸ் ஆஃப் தி சாடில்’ படத்திலேயே பாடினார். குரல் சுமார். கோபம் அதிகம்.

1934ல் மாஸ்காட் என்ற சின்ன கம்பெனி அவரை வைத்து ‘இன் ஓல்ட் சான்டா ஃபே’ எடுத்தது. அதில் ஒரு நடனக் காட்சிக்கு மட்டும் சிகாகோ ரேடியோவிலிருந்து ஒரு பாடகரைக் கூட்டி வந்தார் தயாரிப்பாளர் நாட் லெவின். சில நிமிட வேலை. வந்தவர் ஜீன் ஆட்ரி. பாடினார், போனார். படம் வந்ததும் மேனார்டை விட அந்தச் சில நிமிடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அதற்குள் மேனார்டுக்கும் லெவினுக்கும் முட்டிக்கொண்டது. மேனார்டுக்கென்று எழுதி வைத்திருந்த அடுத்த தொடர்படம் ஆட்ரி கைக்கு வந்தது.

‘தி ஃபேன்டம் எம்பயர்’ என்ற அந்த 12 பகுதித் தொடர்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பண்ணைக்கு அடியில், பல ஆயிரம் அடி ஆழத்தில், ரோபோக்களோடு ஒரு ராஜ்ஜியம். ராணி ஒருத்தி. ஆட்ரியைப் பிடித்துக் கீழே கொண்டு போகிறார்கள். அவருக்கு உயிர்க் கவலை ஒரு பக்கம் என்றால், அதைவிடப் பெரிய கவலை வேறு. தினமும் மதியம் 2 மணிக்கு மேலே பண்ணையிலிருந்து ரேடியோவில் பாடியாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஒப்பந்தம் போய்விடும், பண்ணையும் போய்விடும். பாதாள உலகத்திலிருந்து தப்பி ஏறி வந்து, மூச்சு வாங்க மைக் முன்னால் நின்று பாடிவிட்டுத் திரும்பவும் மாட்டிக்கொள்வார். கேட்டால் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் ஒரு ரேடியோ பாடகனின் நிஜமான பயம் எது என்பதை எழுதியவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஆட்ரி மாடு மேய்த்துப் புகழ் பெற்றவர் அல்ல. 1907ல் டெக்சாஸின் டியோகாவில் பிறந்தவர். இளமையில் ஓக்லஹோமாவில் ரயில்வே தந்தி ஆபரேட்டர். ரயில் வராத இரவு நேரங்களில் ஸ்டேஷனில் உட்கார்ந்து கிடார் தட்டிக்கொண்டிருந்த ஆள். ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகரை அப்படியே உரித்து வைத்தது போலப் பாடி இசைத்தட்டுகள் போட்டார். 1931ல் பதிவான ‘தட் சில்வர் ஹேர்ட் டாடி ஆஃப் மைன்’ அவரை நிலைநிறுத்தியது. நரைத்த தந்தையை நினைத்து மகன் உருகும் பாட்டு. கௌபாய்க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பிறகு சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். வானொலி. அந்த எழுத்துகளுக்கு ‘உலகின் மிகப் பெரிய கடை’ என்று விரிவு. அதை ஆரம்பித்தது தபால்வழி வியாபாரம் செய்த சியர்ஸ் நிறுவனம். 1928ல் நிலையத்தை விவசாயப் பத்திரிகை ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள், ஆனால் உறவு விடவில்லை. ஆட்ரியின் தட்டுகள் சியர்ஸின் ‘காங்கரர்’ முத்திரையில் விற்றன. சியர்ஸ் கேட்டலாக்கில் ‘ஜீன் ஆட்ரி ரவுண்ட்அப்’ என்று ஒரு கிடாரும் வந்தது. ஏழைப் பையன்கள் காசு சேர்த்துத் தபாலில் வரவழைத்த மலிவுக் கிடார். ஆட்ரி கையில் இருந்ததோ மார்ட்டின் கம்பெனியில் சொல்லிச் செய்யவைத்த டி-45, கிடாரின் கழுத்தில் அவர் பெயரையே சிப்பியில் இழைத்தது. அந்த மாடலில் முதல் கிடாரே அதுதான்.

இந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி ஹெர்பர்ட் யேட்ஸ். ஃபிலிம் கழுவிப் பிரின்ட் போடும் கன்சாலிடேட்டட் ஃபிலிம் இண்டஸ்ட்ரீஸ் அவருடையது. கடன்பட்ட சின்னத் தயாரிப்பாளர்கள் பலரும் அவருக்குப் பாக்கி வைத்திருந்தார்கள். 1935ல் மாஸ்காட், மோனோகிராம் போன்ற சிலவற்றைச் சேர்த்து ரிபப்ளிக் பிக்சர்ஸை உருவாக்கினார். இதோடு ஆட்ரியின் தட்டுகளை வெளியிட்ட அமெரிக்கன் ரெக்கார்ட் கார்ப்பரேஷனும் அவர் கையில் இருந்தது. ஆக, தட்டு விற்றால் படம் ஓடும், படம் ஓடினால் தட்டு விற்கும், இரண்டிலும் லாபம் ஒரே பெட்டிக்கு. மேய்ச்சல் நிலத்துக் காற்றில் பிறந்ததாகக் காட்டப்பட்ட இந்தக் கலை, உண்மையில் இப்படிப் பில் புத்தகங்களுக்கு நடுவில் பிறந்தது.

செலவும் ஒரு காரணம். பெரிய ஸ்டூடியோக்களின் இசைப் படங்களுக்கு நடனக் குழு, மாடிப்படி செட், முழு ஆர்கெஸ்ட்ரா எல்லாம் வேண்டும். ரிபப்ளிக்குக்கு ஒரு கிடார், ஒரு வேலி, வேலியில் சாய்ந்து நிற்க நாலு பேர் போதும். மூன்று நிமிடப் பாட்டு என்றால் மூன்று நிமிடத்துக்குக் குதிரை ஓட வேண்டாம், யாரும் விழ வேண்டாம், வசனம் எழுத வேண்டாம். பாட்டை முன்கூட்டியே ஸ்டூடியோவில் பதிந்து வைத்துக்கொண்டு, வெளியில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, குதிரை மேல் இருப்பவர் வாயசைப்பார். நமக்கு இது பழகிய கதை. குதிரை நடக்க நடக்கக் குரல் கொஞ்சம்கூட ஆடாமல் வருவதைக் கவனித்தால் அந்தப் படங்களில் எல்லாமே தெரிந்துவிடும்.

சொந்தக் குரல் இல்லாத கௌபாயும் இருந்தார். 1933ல் ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ படத்தில் ‘சிங்கின் சாண்டி’யாக ஜான் வேய்ன் பாடிக்கொண்டே துப்பாக்கிச் சண்டைக்கு நடந்து வருவார். குரல் இரவல். ரசிகர்கள் நேரில் பார்க்கும்போதெல்லாம் பாடச் சொல்லிக் கேட்க, மனிதர் வெறுத்துப்போய் அந்த வேலையே வேண்டாம் என்றார். பின்னணிக் குரல் என்ற ஏற்பாட்டை நம்மூர் வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்டது. அங்கே அது மறைக்க வேண்டிய விஷயமாக இருந்தது. அதனால்தான் குதிரை ஏறத் தெரிந்தவனுக்குப் பாட்டுக் கற்றுக் கொடுப்பதைவிட, பாடத் தெரிந்தவனைக் குதிரையில் ஏற்றிவிடுவது சுலபம் என்று முடிவு செய்தார்கள். ‘தி பிக் ஷோ’வின் குறும்பு இங்கேதான். நிஜத்தில் ஆட்ரிக்குத்தான் டூப்புகள் குதிரை ஓட்டினார்கள். படத்தில் அவரே டூப், அவரே வீரர், அவரே பாடகர். பாடத் தெரியாத பழைய ஹீரோ சோம்பேறி. மேனார்ட் இந்தப் படத்தைப் பார்த்தாரா தெரியாது. பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். பின்னாளில் காசு கரைந்து, ஒரு டிரெய்லர் வீட்டில் காலம் தள்ளி, 1973ல் இறந்தார்.

படத்தின் பெரும்பகுதி டாலஸ் நகரின் ஃபேர் பார்க்கில் நடக்கிறது. செட் இல்லை, நிஜப் பொருட்காட்சி. மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் பிரிந்து 100 ஆண்டு ஆனதற்காக 1936 ஜூன் 6 முதல் நவம்பர் 29 வரை நடந்த நூற்றாண்டு விழா. செலவு 25 மில்லியன் டாலர், வந்து பார்த்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். பொருளாதார மந்தத்தில் ஊரே கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலத்தில் இத்தனை விளக்கு, இத்தனை கட்டடம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே வந்து பார்த்தார். ரிபப்ளிக் மாதிரியான சிக்கன கம்பெனிக்கு இது வரப்பிரசாதம். அவர்கள் ஒரு சுவர்கூட எழுப்ப வேண்டியிருக்கவில்லை. வரிசையாக நிற்கும் ஆர்ட் டெக்கோ கட்டடங்கள், நீளமான நீர்த்தடாகம், உண்மையான கூட்டம் எல்லாம் இலவசம். அந்தக் கட்டடங்களில் பல இன்றும் அங்கே நிற்கின்றன.

ஒரு கட்டடம் நிற்கவில்லை. கறுப்பின மக்களின் வாழ்வைச் சொல்ல அதே வளாகத்தில் ஓர் அரங்கு ஜூன் 19 அன்று திறக்கப்பட்டது. அடிமைத்தனம் ஒழிந்த செய்தி டெக்சாஸை எட்டிய நாள் அது. ஆரன் டக்ளஸ் வரைந்த பெரிய சுவரோவியங்கள் இருந்தன. 4 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். மறு ஆண்டு அதே இடத்தில் இன்னொரு பொருட்காட்சி நடத்தும்போது மற்றவற்றை வைத்துக்கொண்டு இதை இடித்துவிட்டார்கள்.

இது படத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று தள்ளிவிட முடியாது. டெக்சாஸிலிருந்து வடக்கே மாடு ஓட்டிப் போனவர்களில் கறுப்பர்களும் மெக்சிகர்களும் கணிசமானவர்கள். அப்படி மாடு ஓட்டிய காலமே 1866க்கும் 1886க்கும் இடையில் இருபது வருடம்தான். முள்கம்பியும் ரயிலும் வந்ததும் முடிந்துபோனது. இரவுக் காவலில் மாடுகள் மிரளாமல் இருக்க மெதுவாக, தாலாட்டு மாதிரிப் பாடியது உண்மை. ஆனால் கிடாரைக் குதிரையில் கட்டிக்கொண்டு போனவர் அபூர்வம். ஜான் லோமாக்ஸ் ஊர் ஊராக அலைந்து அந்தப் பாட்டுகளைத் திரட்டி 1910ல் புத்தகமாகப் போட்டார். ‘ஹோம் ஆன் தி ரேஞ்ச்’ பாட்டை அவர் சான் அன்டோனியோவில் ஒரு கறுப்பின சலூன்காரர் பாடக் கேட்டு எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். திரையில் அந்தக் கூட்டத்தைக் காணோம். கறுப்பர்களுக்கென்று தனித் தியேட்டர்கள் இருந்ததால் அவர்களுக்கென்று ஒரு பாடும் கௌபாய் தனியாக வந்தார். ஹெர்ப் ஜெஃப்ரிஸ் நடித்த ‘ஹார்லம் ஆன் தி ப்ரேரி’ 1937ல் வெளியானது. ஜெஃப்ரிஸ் பிறகு டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் பாடப்போனார்.

சரி, ‘தி பிக் ஷோ’வில் வரும் இசைக்குழுக்களுக்கு வருவோம். நாலு குழுக்கள் வருகின்றன. சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ், லைட் க்ரஸ்ட் டோபாய்ஸ், பெவர்லி ஹில் பில்லீஸ், ஜோன்ஸ் பாய்ஸ். எல்லாமே ரேடியோவில் பேர் வாங்கியவை. கதையில் அவர்களுக்கு வேலை ஒன்றும் கிடையாது. வருவார்கள், வாசிப்பார்கள், போவார்கள். ரேடியோவில் தினம் கேட்கும் குரலுக்கு முகம் எப்படி இருக்கும் என்று காட்டுவதுதான் அவர்கள் வேலை. அன்றைய கிராமத்து ரசிகனுக்கு டிக்கெட் காசு அதற்கே சரியாகிவிட்டது.

நாலில் எனக்குச் சுவாரஸ்யமானது டோபாய்ஸ். பெயருக்கு ‘பிசைந்த மாவுப் பையன்கள்’ என்று பொருள் கொள்ளலாம். காரணம், அது மாவு கம்பெனியின் குழு. ஃபோர்ட் வொர்த்தில் பர்ரஸ் மில் என்ற ஆலை, அதன் கோதுமை மாவுக்கு ‘லைட் க்ரஸ்ட்’ என்று பெயர். 1931ல் பாப் வில்ஸ் என்ற பிடில்காரரும் மில்டன் பிரவுன் என்ற பாடகரும் ஹெர்மன் ஆர்ன்ஸ்பிகர் என்ற கிடார்காரரும் அந்த ஆலையின் செலவில் ரேடியோவில் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஆலை மேலாளர் டபிள்யூ. லீ ஓ’டேனியலுக்கு இந்த ‘பட்டிக்காட்டு’ இசை பிடிக்கவில்லை. இரண்டு வாரத்திலேயே நிறுத்தினார். கேட்டவர்கள் விடவில்லை. சரி என்று திரும்ப எடுத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை. சும்மா சம்பளம் கிடையாது, ஆலையிலும் உழைக்க வேண்டும். வில்ஸ் லாரி ஓட்டினார், ஆர்ன்ஸ்பிகர் மூட்டை கட்டினார், பிரவுன் மாவு விற்றார். கையெல்லாம் காய்த்துப்போய் எப்படி பிடில் வாசிப்பது என்று புலம்பிய பிறகு வேலை மாறியது. ஆலையிலேயே எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும். இந்தத் தண்டனைதான் அந்தக் குழுவை அவ்வளவு தேர்ந்த குழுவாக்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

மதியம் 12.30. வயலிலிருந்து வந்து சாப்பிட உட்காரும் நேரம். “லைட் க்ரஸ்ட் டோபாய்ஸ் ஒலிபரப்பில்!” என்று அறிவிப்பாளர் முழங்குவார். தாங்கள் யார், எந்த மில்லிலிருந்து வருகிறோம் என்று குழுவே ஒரு பாட்டாகப் பாடிச் சொல்லும். ஓ’டேனியல் கொஞ்ச நாளில் தானே மைக்கைப் பிடித்துக்கொண்டார். அம்மாவைப் பற்றிக் கவிதை, பைபிள், நடுநடுவே மாவு. மைக்கின் ருசி கண்டவர் விடுவாரா? ஆலையை விட்டு வெளியே வந்து சொந்தமாக ‘ஹில்பில்லி’ மாவு போட்டார், சொந்தக் குழு வைத்தார், 1938ல் டெக்சாஸ் கவர்னர் தேர்தலில் நின்றார். அங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள், நம் முதலமைச்சர் மாதிரி. பிடிலும் கிடாருமாகப் பிரச்சாரம் செய்து ஜெயித்தார். 1941ல் செனட் இடைத்தேர்தலில் 1,311 ஓட்டில் ஓர் இளம் அரசியல்வாதியைத் தோற்கடித்தார். தோற்றவர் லிண்டன் ஜான்சன், பின்னாளில் ஜனாதிபதி.

‘தி பிக் ஷோ’ எடுத்த நேரத்தில் வில்ஸும் பிரவுனும் குழுவை விட்டுப் போய் மூன்று நாலு வருடம் ஆகிவிட்டிருந்தது. பிரவுன் அந்த ஏப்ரலில் கார் விபத்தில் பட்ட காயத்தால் செத்தே போனார். வில்ஸ் டல்சாவில் டெக்சாஸ் ப்ளேபாய்ஸ் என்று பெரிய குழுவாக வளர்ந்துகொண்டிருந்தார். 1940ல் இன்னொரு பாடும் கௌபாயான டெக்ஸ் ரிட்டரோடு ‘டேக் மீ பேக் டு ஓக்லஹோமா’ படத்தில் அவரும் வருவார். ஆனாலும் அவர்கள் இருவரும் போட்டுக் கொடுத்த தாளம் டோபாய்ஸிடம் தங்கிவிட்டது. பிடில் ராகம் மலைக்கிராமத்து ராகம், அடியில் ஓடும் துடிப்பு ஜாஸ். பின்னாளில் இதற்கு ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ என்று பெயர் வந்தது. மடியில் படுக்க வைத்து இரும்புத் துண்டால் வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிடார் ஹவாய்த் தீவுக்காரர்களுடையது. 1915ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த இன்னொரு பொருட்காட்சியின் ஹவாய் அரங்கிலிருந்துதான் அந்த ஒலி அமெரிக்கா முழுக்கப் பரவியது. தொண்டையை உடைத்துப் பாடும் யோடல், ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கௌபாய்த் தொப்பி.

அந்தத் தொப்பி தற்செயல் இல்லை. ‘ஹில்பில்லி’ என்பது கிட்டத்தட்டத் திட்டு. பல் விழுந்த, செருப்பில்லாத, சாராயம் காய்ச்சும் மலைவாசி என்று நகரத்தார் கேலி செய்த உருவம். ரேடியோ நிகழ்ச்சிகளில் அந்தப் பாடகர்களுக்குக் கந்தல் மேல்சட்டை மாட்டி மேடையேற்றினார்கள். கௌபாய் அப்படியில்லை. குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவன், யாருக்கும் கைகட்டாதவன். ஆட்ரி படங்கள் ஓடத் தொடங்கிய சில வருடங்களில் மாடே பார்க்காத பாடகர்கள்கூட பூட்ஸ் போட ஆரம்பித்தார்கள். 1949ல் பில்போர்டு பத்திரிகை தன் பட்டியலுக்கு ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று பெயர் வைத்தபோது திரையின் உடுப்பு இசையின் பெயராகவே ஆகிவிட்டது.

நம்மூரில் கௌபாய் என்றால் பஞ்சத்து மீசை, சுருட்டு, பேசாத ஆள். இத்தாலிக்காரர்கள் எடுத்த படங்களின் தாக்கம். பாடும் கௌபாய் நம்மிடம் வந்தது வேறொரு சந்து வழியாக. லயன் காமிக்ஸில் லக்கி லூக் படித்தவர்களுக்குத் தெரியும், கதை முடிந்ததும் கடைசிக் கட்டத்தில் சூரியன் மறையும் திசையில், தான் வீட்டைவிட்டு வெகுதூரம் வந்துவிட்ட தனிக்கட்டை என்று பாடிக்கொண்டே போவார். சின்ன வயதில் அவர் ஏன் பாடுகிறார் என்று நான் யோசித்ததே இல்லை. ஐரோப்பியர்கள் செய்த கிண்டல் அது. கிண்டலின் மூலம் இந்த ரிபப்ளிக் படங்களில் இருக்கிறது.

படத்துக்குத் திரும்பினால், சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ் குழுவில் ஒரு முகம். ஒல்லி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கும் ஆள். பெயர் லெனர்ட் ஸ்லை, சின்சினாட்டியில் பிறந்தவர். பாப் நோலனோடும் டிம் ஸ்பென்சரோடும் சேர்ந்து அந்தக் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர். ஆட்ரிக்கு 1935ல் ரிபப்ளிக்கில் முதல் வெற்றியைக் கொடுத்த ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ பாட்டு நோலன் எழுதியது. படத்துக்கே அந்தப் பாட்டின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆக, ஆட்ரியின் பாட்டு இவர்கள் குழுவின் பாட்டு. ஆனால் திரையில் இவர்கள் பின்னால் நிற்பவர்கள்.

1937ல் ஆட்ரிக்கும் யேட்ஸுக்கும் தகராறு முற்றியது. ஆட்ரி படம் வேண்டும் என்று கேட்கும் தியேட்டர்காரர்கள் தலையில் ரிபப்ளிக்கின் ஓடாத படங்களையும் சேர்த்துக் கட்டினார்கள். சின்ன ஊர்த் தியேட்டர்காரர்கள் ஆட்ரியிடமே வந்து அழுதார்கள். அவருக்கும் சம்பளம் போதவில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்டார். யேட்ஸ் அசையவில்லை. இன்னொரு பாடும் கௌபாயைத் தயார் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று குரல் தேர்வு நடத்தினார்கள். ஸ்லை பிற்பாடு சொன்ன கதை இது: தொப்பியைச் சரிசெய்யக் கடைக்குப் போயிருந்தபோது அந்தத் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டார். மறுநாள் ஸ்டூடியோ வாசலில் காவலாளி விடவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து துணை நடிகர்கள் கூட்டமாக உள்ளே போகும்போது அந்தக் கூட்டத்தோடு கலந்து நுழைந்தார். தயாரிப்பாளர் சால் சீகல் அடையாளம் கண்டுகொண்டு கிடாரை எடுத்துவரச் சொன்னார். அக்டோபரில் ஒப்பந்தம், வாரம் 75 டாலர்.

1938ன் தொடக்கத்தில் ஆட்ரி படப்பிடிப்புக்கு வராமல் போய்விட்டார். அவருக்கென்று எழுதியிருந்த படத்தை ஸ்லைக்கு மாற்றி, ஸ்லைக்கு ராய் ராஜர்ஸ் என்று பெயரும் மாற்றி, ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ என்று வெளியிட்டார்கள். வறட்சியில் மண் காற்றில் பறந்த விவசாயிகளுக்காக வாஷிங்டன் போய்த் தண்ணீர் கேட்கும் இளைஞன் கதை. அதில் வரும் ‘டஸ்ட்’ பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. பெரிய ஹீரோ வரவில்லை, பின்னால் நின்றவர் பாடினார், ஊருக்குப் பிடித்துப்போனது. ‘தி பிக் ஷோ’வின் கதை இரண்டே வருடத்தில் அதே ஸ்டூடியோவில் நிஜமாக நடந்தது. இந்த முறை ஆட்ரிதான் டாம் ஃபோர்ட்.

வித்தியாசம் ஒன்று, ஆட்ரி தொலைந்துபோகவில்லை. சமரசம் செய்துகொண்டு அதே வருடம் திரும்பினார். 1940ல் அமெரிக்காவின் எல்லா நட்சத்திரங்களையும் சேர்த்த வசூல் பட்டியலில் நாலாவது இடம். போருக்குப் போன 1942 வரை கௌபாய் நடிகர்களில் முதலிடத்தை யாருக்கும் விடவில்லை. அவர் ராணுவத்தில் சேர்ந்ததும் யேட்ஸ் ராஜர்ஸுக்கு ‘கௌபாய்களின் ராஜா’ என்று பட்டம் கட்டி, அதே பெயரில் ஒரு படமும் எடுத்து, 1943 முதல் அந்த இடத்தில் உட்காரவைத்தார். இருவரும் 1998ல், மூன்று மாத இடைவெளியில் காலமானார்கள். ராஜர்ஸ் ஜூலையில், ஆட்ரி அக்டோபரில்.

ஐம்பதுகளில் இந்தப் படங்கள் டிவிக்குப் போனபோது ஒரு மணி நேர இடத்தில் விளம்பரத்தோடு அடங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் 54 நிமிடத்துக்கு நறுக்கினார்கள். ‘தி பிக் ஷோ’வும் அந்தக் கத்திரிக்குத் தப்பவில்லை. பார்க்கப் போகிறவர்கள் முழு நீளப் பிரதியைத் தேடிப் பாருங்கள். பார்த்த கையோடு, அடுத்த மாதமே வந்த ‘தி ஓல்ட் கொரால்’ படத்தையும் பாருங்கள். அதில் ஸ்லை கொஞ்சம் கெட்டவர், கும்பலோடு சேர்ந்து ஆட்ரியை எதிர்க்கிறார். இருவரும் கட்டிப் புரள்கிறார்கள். சண்டையில் ஜெயித்த ஆட்ரி துப்பாக்கியை நீட்டி, பாடு என்கிறார். ஸ்லை பாடுகிறார்.